பக்கத்துல என்ன இருக்கு?

லாரன்ஸ் ரோட்டில் செருப்புக்கடை மாடி.
ஏறும்போதே ஈயப்புகை மூக்கில் ஏறும்.
போலீஸ் வாக்கி டாக்கிக்கு பேட்டரி மாற்றுவது
பாடலீஸ்வரன் வேலை.
"ஹலோ, மஞ்சக்குப்பம், கேக்குதா" என்று
நாளெல்லாம் கத்திப் பார்ப்பது என் வேலை.
குரல் உடனே போய்ச் சேர்ந்துவிடும்.
பில்தான் கருவூலத்தில்
ஆறு மாதம் படுத்துக்கிடக்கும்.

பிறகு தீயணைப்புத் துறை டெண்டர்:
அழைப்புகளைப் பதிய ஒரு மென்பொருள்.
வைப்புத்தொகைக்கு அவர் யமஹாவை விற்றார்.
உறை பிரிக்கும் நாளில்
டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்.

நாங்கள் செய்த முதல் திரையில் ஐந்து கட்டங்கள்.
பெயர், கதவு எண், தெரு, வார்டு, பின்கோடு.
அழகாகத்தான் இருந்தது
புயல் வரும்வரை.

அன்றிரவு சோதனைக்காக நானே காதில் மாட்டியிருந்தேன்.
"கூரை போயிடுச்சிம்மா, தண்ணி ஏறுது, மூணு பேரு இருக்கோம்."
முகவரி?
"ஐஸ் பேக்டரி தாண்டி, ஒடஞ்ச போட்டு கிட்ட."
திரை சிவந்தது: கதவு எண் கட்டாயம்.
பூஜ்யம் என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.
இல்லாத வீட்டைத் தேடி வண்டி
இரண்டே முக்கால் மணி நேரம் சுற்றியது.

மூன்று பேரும் கிடைத்தார்கள்.
குறைந்திருந்தால்
இதை நான் எழுதியிருக்கமாட்டேன்.

விடிந்ததும் 'முகவரி'யை அழித்துவிட்டு
'பக்கத்துல என்ன இருக்கு?' என்று போட்டேன்.
அரசுத் திரையில் கொச்சையா என்றார் அதிகாரி.
கோப்பில் 'அருகாமை அடையாளம்' என எழுதிக்கொண்டார்,
திரையை விட்டுவிட்டார்.

அதன்பின் இரண்டு வருடம்
ஷேர் ஆட்டோவில் பெயர் பொறுக்கினேன்.
தாழங்குடா, சோனங்குப்பம், முதுநகர், செம்மண்டலம்.
இடித்த தியேட்டர் பெயரில் இன்னும் நிற்கும் பஸ்.
எப்போதோ எடுத்துவிட்ட ஒயின்ஷாப்பை
இன்னும் காட்டும் விரல்கள்.
சிப்காட் பக்கம், ஒருவரையொருவர் அறியாத இருவர்
ஒரே இடத்தைச் சொன்னார்கள்:
"நாத்தம் ஆரம்பிக்கிற வளைவு."
அதையும் பதிந்தேன்.

இப்போது ஏழு மாவட்டம், நாற்பத்தாறு பேர்,
கழுத்தில் அட்டை, தானே திறக்கும் கதவு.
புதிதாக வந்த ரிஷிகாந்த்
வளர்ச்சியைத் தூண்தூணாக வரைந்து காட்டினான்.
மூன்றாவது தூண் புயல்.
ஐந்தாவது, ஆறு கரை உடைத்த வருடம்.
ஆறாவது ஒரு பட்டாசுக் கொட்டகை.
எங்கள் கோடு ஏறிய இடத்திலெல்லாம்
எங்கோ ஒரு கூரை இறங்கியிருக்கிறது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன்,
மேசையைப் பார்த்துக்கொண்டு.

சித்திரையில் ஒரு விடியற்காலை
சூசைநாதன் குளியலறையில் சரிந்தார்.
நெஞ்சைப் பிடித்தபடி, பக்கெட்டைத் தள்ளிக்கொண்டு.
போனில் ஒரு சின்னப் பெண், நிதானமாக:
"பக்கத்துல என்ன இருக்கு?"

பதினோராயிரம் பெயர் சேர்த்தவள் நான்.
ஒன்றும் வரவில்லை.
புது மனைப்பிரிவு, எல்லா வீட்டுக்கும் ஒரே சுவர் நிறம்.
"கதவு எண் பதினாலு" என்றேன்.
பயந்தவர்கள் கதவு எண் சொல்லமாட்டார்கள் என்று
பயிற்சி வகுப்பில் சொல்லித் தருபவள்.

"சரிக்கா. எதிர்ல என்ன தெரியுது?"
வெள்ளை நாய், என்றேன். ஒரு காது மட்டும் கறுப்பு.
பின்னால் யாரோ ஓட்டுநரின் குரல்:
"ஏய், அது என்னை ரெண்டு தடவ தொரத்துன நாய்தான்."

சூசைநாதன் இப்போது
உப்பில்லாத ரசத்தைத் திட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்.

திங்கட்கிழமை புதுப் பதிவைத் திறந்தேன்.
பின்னால் நின்று படித்த பாடலி கேட்டார்:
"நாயா? அது எடம் மாறுமே."
மாறட்டும் சார், என்றேன்.
நாமும்தான் மாடியிலிருந்து மாறிவந்தோம்.
செருப்புக்கடைக்காரர்
இன்னும் 'பேட்டரி கம்பெனி மாடி' என்றுதான்
வழி சொல்கிறார்.